பள்ளிக்கு முன்னால், வீட்டில்: குழந்தைக்கு வாசிப்பைப் பழக்குவது எப்படி?

குழந்தைக்கு மூன்று வயது நிறைவதற்குள் பல வீடுகளில் சுவரில் ஓர் எழுத்து அட்டை ஏறிவிடுகிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளும் கட்டம் கட்டமாக நிற்க, பெரியவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, குழந்தை ராகம் போட்டு ஒப்பிக்கிறது. சில மாதங்களில் தடங்கலின்றிச் சொல்லவும் செய்கிறது. அதே குழந்தையிடம் ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறது. ஒப்பித்த வரிசை மனத்தில் ஒரு பாட்டாகப் பதிந்திருக்கிறதே தவிர, எழுத்துக்கும் ஒலிக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு அதற்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த உறவைப் பிறந்தது முதல் ஏறத்தாழ ஆறு வயது வரை வீட்டிலேயே எப்படிப் படிப்படியாக வளர்ப்பது என்பதை, இதில் முன்பழக்கம் இல்லாத பெற்றோருக்காகவும் தாத்தா பாட்டிமாருக்காகவும் இங்கே எழுதுகிறேன். ஆசிரியர் பயிற்சி எதுவும் தேவையில்லை. நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும். அது விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

படிகளுக்குள் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஃபிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காக விளக்கினார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லாக ஒலிக்கும் திறன் ஒன்று. அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறன் மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு. கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகச் சொன்னதில்தான் பொருள் இருக்கிறது: இரண்டில் எது சுழியானாலும் விடை சுழியே. எழுத்து அட்டையை மட்டும் நம்பும் வீடுகளில் இரண்டாவது திறனுக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. ஆகவே இந்தக் கட்டுரையின் முதல் மூன்று படிகளில் எழுத்தே வராது. காதும் வாயும் தயாரான பிறகுதான் கண்ணுக்கும் கைக்கும் வேலை.

முதல் படி: பேச்சு

இது பிறந்த நாளிலேயே தொடங்குகிறது. கைக்குழந்தை ‘ங்கா’ என்று ஒலி எழுப்பினால் அதற்குப் பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணும் அளவுக்குக் காத்திருங்கள். அந்த இடைவெளியில் குழந்தை மறுபடியும் ஒலி எழுப்பும், அல்லது கைகால்களை உதைக்கும். பேச்சு என்பது இருவர் மாறி மாறிச் செய்வது என்ற முதல் பாடம் அதுதான். குளிப்பாட்டும்போதும், துணி மாற்றும்போதும், துணி மடிக்கும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

குழந்தை வளர வளர, பொதுவாகப் பேசுவதைக் குறைத்துக் குறிப்பாகப் பேசுவதைக் கூட்டுங்கள். ‘அதை எடு’ என்பதற்கும் ‘சிவப்பு மூடி போட்ட டப்பாவை எடு’ என்பதற்கும் குழந்தையின் சொல்வளத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ‘இது’, ‘அது’, ‘அங்கே’ என்ற சொற்களாலேயே ஒரு நாள் முழுவதையும் நாம் ஓட்டிவிட முடியும் என்பதால், இதற்குச் சற்றே விழிப்பு தேவைப்படுகிறது. வீட்டில் இரண்டு மொழிகள் புழங்கினால் அஞ்ச வேண்டியதில்லை. குழந்தைகளால் இரண்டையும் ஏற்றுக்கொள்ள முடியும். உங்களுக்கு எந்த மொழி தங்குதடையின்றி வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேசினால் கேட்கும் வாக்கியங்களும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

இரண்டாம் படி: மடியில் வைத்து வாசிப்பது

ஆறு மாதக் குழந்தை புத்தகத்தைக் கடிக்கும். ஒரு வயதுக் குழந்தை பக்கங்களை மொத்தமாகப் புரட்டும். இரண்டும் புத்தகத்தோடு பழகும் வழிகளே, தடுக்க வேண்டாம். இந்த வயதுக்குக் கெட்டி அட்டைப் பக்கங்களும், பக்கத்துக்கு ஒரு பெரிய படமும் போதும். இரண்டு வயதுக்கு மேல் பக்கத்துக்கு ஓரிரு வரிகள் உள்ளவையும், ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் கதைகளும் ஏற்றவை. ஒரே புத்தகத்தை இருபதாவது முறையாகக் கேட்டால் இருபதாவது முறையும் வாசியுங்கள். முதல் முறை படத்தைக் கவனிக்கும் குழந்தை, பத்தாவது முறை சொற்களைக் கவனிக்கிறது. அதற்கும் பிறகு, அடுத்து வருவதை நமக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. அலுப்பு நமக்குத்தான், அதற்கு இல்லை.

எவ்வளவு வாசிக்கிறோம் என்பதைவிட எப்படி வாசிக்கிறோம் என்பது முக்கியம். குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோர் சிலருக்கு, வாசிக்கும்போது கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேசவிடப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரே மாதத்தில், வழக்கம்போல் வாசித்த வீடுகளின் குழந்தைகளைவிட இவர்களுடைய குழந்தைகள் பேச்சில் முந்தியிருந்தார்கள். வாசிப்பவர் கேட்பவராகவும் கேட்பவர் சொல்பவராகவும் மாறுவதுதான் அதன் சாரம். மூன்றரை வயதுக் குழந்தையோடு ஒரு தாய் ஒரு பக்கத்தில் நிற்கும் காட்சியைப் பாருங்கள். படத்தில் ஓர் இலைக்கு அடியில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது.

“இது யாரு கண்ணா?”

“தவள.”

“ஆமா, பச்சைத் தவளை. அது ஏன் இலைக்கு அடியில உட்கார்ந்திருக்கு?”

குழந்தை படத்தையே பார்க்கிறது. தாய் பேசாமல் இருக்கிறார். படத்தின் மூலையில் உள்ள கோடுகளை ஒரு சிறு விரல் தடவுகிறது.

“மழ!”

“அட, ஆமா! மழை பெய்யுது. நனையாம இருக்கத்தான் இலைக்கு அடியில ஒளிஞ்சிருக்கு. நீயும் ஒரு தடவை சொல்லு பார்ப்போம்?”

“நனையாம ஒளிஞ்சிருக்கு.”

இதில் நான்கு செயல்கள் அடங்கியிருக்கின்றன. தாய் கேட்கிறார், குழந்தையின் விடையை ஏற்கிறார், அந்த ஒற்றைச் சொல்லை ஒரு வாக்கியமாக விரிக்கிறார், விரித்ததைக் குழந்தையின் வாயால் திரும்ப வாங்குகிறார். ‘தவள’ என்றதற்கு ‘தப்பு, தவளைன்னு சொல்லு’ என்று அவர் திருத்தவில்லை. சரியான வடிவத்தைத் தன் பதிலில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்விகளைக் குறைத்து, ‘ஏன்’, ‘என்ன ஆகும்’, ‘உனக்கு இப்படி நடந்திருக்கா’ என்ற கேள்விகளைக் கூட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும். வரிக்கு வரி கேட்டால் கதை செத்துவிடும்.

தமிழ்க் குழந்தைக்கு உள்ள ஒரு தேவையை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். நாம் பேசும் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. வீட்டில் ‘போனாங்க’ என்று கேட்ட குழந்தை புத்தகத்தில் ‘போனார்கள்’ என்பதைச் சந்திக்கிறது. ‘இருக்கு’ என்பது அங்கே ‘இருக்கிறது’ ஆகிறது. ‘வந்துட்டான்’ என்பது ‘வந்துவிட்டான்’ ஆகிறது. ஐந்து வயதில் எழுத்தோடும் இந்தப் புதிய மொழியோடும் ஒரே நேரத்தில் போராட நேர்ந்தால் குழந்தை தடுமாறுவதில் வியப்பில்லை. நாம் வாய்விட்டு வாசிக்கும்போது பெரும்பாலும் செய்யும் தவறு, அச்சில் இருப்பதை உடனுக்குடன் பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லிவிடுவது. குழந்தைக்குப் புரியவேண்டும் என்ற அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அதனால் புத்தகத் தமிழின் ஓசை அதன் காதில் விழாமலே போய்விடுகிறது. நான் பரிந்துரைப்பது இதுதான்: முதலில் உள்ளதை உள்ளபடி, ‘தவளை இலைக்கு அடியில் ஒளிந்துகொண்டது’ என்று வாசியுங்கள். பிறகு படத்தைக் காட்டி, ‘ஒளிஞ்சிக்கிச்சு பாத்தியா?’ என்று பேசுங்கள். வாசிப்பது எழுத்துத் தமிழில், பேசுவது பேச்சுத் தமிழில் என்று இரண்டும் அடுத்தடுத்து வரட்டும். நாள்தோறும் இப்படிக் கேட்கும் குழந்தை, நான்கு வயதில் விளையாட்டாகக் கதை சொல்லும்போது, ‘அப்போது ஒரு சிங்கம் வந்தது’ என்று தானாகவே புத்தகத் தமிழுக்குத் தாவும். அதைக் கேட்கும் நாளில் உங்கள் உழைப்பு பலிக்கத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

மூன்றாம் படி: ஒலியைப் பிரித்துக் கேட்பது

மூன்று வயதுக் குழந்தைக்கு ‘மாமா’ என்பது ஒரு மனிதர். அது இரண்டு ஒலித்துண்டுகளால் ஆன சொல் என்று அதற்குத் தோன்றுவதில்லை. சொல்லின் பொருளை ஒதுக்கிவைத்து அதன் ஓசையைக் கேட்கும் இந்தப் பழக்கம் பிற்காலத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்கு அடிப்படையாகிறது. இதற்குப் புத்தகமும் வேண்டாம், பலகையும் வேண்டாம். நடந்து போகும்போது ஆடலாம்.

கை தட்டுவதில் தொடங்குங்கள். குழந்தையின் பெயரை முதலில், பிறகு வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை, பிறகு பொருள்களின் பெயர்களைத் துண்டு துண்டாகத் தட்டுங்கள். ‘மா-மா’ இரண்டு தட்டு, ‘த-வ-ளை’ மூன்று தட்டு. ‘அம்மா’ என்பதை எழுதினால் மூன்று எழுத்து. ஆனால் வாய்க்கு அது ‘அம்-மா’ என்று இரண்டே தட்டு. ‘மரம்’ என்பதும் அப்படியே ‘ம-ரம்’ என்று இரண்டு. புள்ளி வைத்த எழுத்து தனித்து நிற்காமல் முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ‘அம்மா’வுக்குக் குழந்தை இரண்டு முறை தட்டினால் அது சரியாகவே தட்டுகிறது, எழுத்தை எண்ணிக்கொண்டு நீங்கள் திருத்திவிடாதீர்கள்.

அடுத்தது மோனையும் எதுகையும். செய்யுளுக்கு உரியவை என்று நாம் படித்த இவ்விரண்டும் சிறு குழந்தைகளுக்கு இயல்பாகப் பிடிப்பவை. ‘மாடு, மான், மாமா’ என்று முதல் ஒலி ஒத்த சொற்களைச் சேர்ப்பது ஓர் ஆட்டம்; ‘பட்டம், வட்டம், கட்டம், சட்டம்’ என்று அடுக்கிக்கொண்டே போவது மற்றோர் ஆட்டம். நடுவில் குழந்தை ‘லட்டம்’, ‘ஞட்டம்’ என்று பொருளில்லாச் சொற்களை இட்டுக்கட்டினால் மகிழுங்கள். அது ஓசையை மட்டும் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

குறில் நெடில் வேறுபாட்டையும் இந்தக் கட்டத்திலேயே காதில் ஏற்றிவிடலாம். கல், கால்; படம், பாடம்; விடு, வீடு; கொடு, கோடு. குறில் வந்தால் இரு கைகளையும் சேர்த்து வைத்துக்கொள்வது, நெடில் வந்தால் அகல விரிப்பது என்று ஆடினால் நான்கு வயதுக் குழந்தை சில நாளில் தேர்ந்துவிடும். இந்த வேறுபாட்டைக் காதால் பிடித்துவிட்ட குழந்தைக்குப் பின்னால் துணைக்கால் போடுவதை விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

நான்காம் படி: அச்சின் நடைமுறை

இது சிறியது, ஆனால் நாமாகச் சொல்லாவிட்டால் குழந்தைக்குத் தெரிய வழியில்லை. கதை படத்திலிருந்து வரவில்லை, அந்தக் கறுப்புக் குறிகளிலிருந்து வருகிறது. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் போக வேண்டும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. புத்தகத்துக்கு முன்னட்டை, பின்னட்டை உண்டு. எப்போதாவது ஒரு பக்கத்தில் வரிக்குக் கீழே விரலை ஓட்டி வாசியுங்கள். புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டு என்ன செய்கிறது என்று பாருங்கள். நீங்கள் பொருள் பட்டியல் எழுதும்போதும், மருந்துச் சீட்டைப் படிக்கும்போதும், பெயர்ப்பலகையைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும்போதும் ‘இதுல என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள். எழுத்து எதற்குப் பயன்படுகிறது என்று தெரிந்த குழந்தைதான் அதைக் கற்க விரும்பும்.

ஐந்தாம் படி: எழுத்துகள்

நான்கு வயதுக்கு மேல், ‘இது என்ன எழுத்து?’ என்று குழந்தையே கேட்கத் தொடங்கும்போது இதற்கு வாருங்கள். சில குழந்தைகள் மூன்றரை வயதிலேயே கேட்கும். சில ஐந்தில் கேட்கும். இரண்டும் இயல்பு.

முதல் எழுத்து குழந்தையின் பெயரில் உள்ளது. பெயரில் ‘ஜ’வோ ‘ஷ’வோ ‘ஹ’வோ இருந்தாலும் தயங்க வேண்டாம், அதற்கு மிக நெருக்கமான சொல் அதுதான். பெயரை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி அதன் பையிலோ பெட்டியிலோ ஒட்டிவையுங்கள்.

அடுத்து எதைக் கற்பிப்பது? ‘அ’விலிருந்து தொடங்கி வரிசையாகப் போவதை நான் ஏற்கவில்லை. பன்னிரண்டு உயிரெழுத்துகளை முடித்தாலும் அவற்றைக் கொண்டு சொல் எதையும் ஏறக்குறைய எழுத முடியாது. ‘ஆ’, ‘ஈ’ போன்ற ஓரெழுத்துச் சொற்களோடு நின்றுவிடும். ‘ப’, ‘ட’, ‘ம’, ‘ர’ என்ற நான்கோடு புள்ளியையும் சேர்த்துக் கற்பித்துப் பாருங்கள். முதல் வாரத்திலேயே ‘படம்’, ‘மரம்’, ‘பட்டம்’ என்று மூன்று முழுச் சொற்களைக் குழந்தை வாசித்துவிடும். ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடுகளால் ஆனவை, கண்ணுக்கும் கைக்கும் எளியவை. பிறகு ‘க’, ‘த’, ‘ல’ சேர்ந்தால் ‘கடல்’, ‘பகல்’, ‘கல்’, ‘பல்’, ‘கட்டம்’, ‘தரம்’ என்று பட்டியல் நீள்கிறது. அதன்பின் துணைக்கால் ஒன்றை மட்டும் சேர்த்தால் ‘மாமா’, ‘தாத்தா’, ‘பாடம்’, ‘காகம்’ எல்லாம் வந்துவிடும். ஒரு குறியைக் கற்றதற்குப் பத்துச் சொற்கள் பரிசு என்ற இந்தக் கணக்கு குழந்தைக்கு மிகுந்த ஊக்கம் தருகிறது. ஏழு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு கால்: இவ்வளவில் ஒரு சிறு புத்தகமே எழுதிக் கொடுத்துவிடலாம்.

இந்தக் கட்டத்தில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முதலாவது, மெய்யெழுத்தை அழைக்கும் முறை. நாம் ‘இக், இங், இச்’ என்று இகரம் சேர்த்துச் சொல்லிப் பழகியவர்கள். குழந்தை ‘படம்’ என்பதை எழுத்துக் கூட்டும்போது ‘ப, ட, இம்’ என்று சொல்லிவிட்டு, மூன்றையும் சேர்த்தால் என்ன வரும் என்று தெரியாமல் நிற்கிறது. அதன்மேல் பிழையில்லை; ‘படஇம்’ என்று ஒரு சொல்லே கிடையாது. ஆகவே புள்ளி எழுத்தைத் தனியாகப் பெயர் சொல்லிக் கூட்ட விடாதீர்கள். ‘ட’வையும் ‘ம்’மையும் ஒரே விரலால் மூடித் திறந்து, ‘ப... டம்’ என்று முன்னெழுத்தோடு ஒட்டியே வாசித்துக் காட்டுங்கள். கை தட்டிய ஆட்டத்தில் ‘ம-ரம்’ என்று தட்டிய பழக்கம் இங்கேதான் உதவிக்கு வருகிறது.

இரண்டாவது, ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது. ‘கடல்’ என்பதில் வல்லோசையாக ஒலிக்கும் ‘க’, ‘பகல்’ என்பதில் மென்மையாகிறது. ‘பட்டம்’ என்பதில் உள்ள அழுத்தம் ‘படம்’ என்பதில் இல்லை. இதற்கு விதி உண்டு. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு விதி வேண்டாம். ‘பகல்’ என்ற சொல்லை முன்பே கேட்டுப் பழகிய குழந்தை, எழுத்துக் கூட்டும்போது முதலில் கரடுமுரடாகச் சொல்லிப் பார்த்து, ‘ஓ, பகல்!’ என்று தானே சரியான ஒலிக்கு வந்து சேரும். கேட்டறியாத சொல்லுக்கு அப்படி வந்துசேர முடியாது. முதல் இரண்டு படிகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, ‘ர’வும் துணைக்காலும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தோன்றுவது. ‘மரம்’ என்பதைக் குழந்தை ‘மாம்’ என்று வாசித்தால் கவனக்குறைவு என்று கடிந்துகொள்ளாதீர்கள். ‘ர’வின் அடியில் உள்ள சாய்ந்த சிறு கோட்டை வண்ணத்தால் வரைந்து காட்டுங்கள், ‘மரம்’, ‘மாமா’ இரண்டையும் அருகருகே வைத்து அந்தக் கோட்டைத் தேடச் சொல்லுங்கள்.

நான்காவது, சொல்லின் முதலில் வராத எழுத்துகள். ‘ண, ழ, ள, ற, ன’ ஆகியவற்றில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்குவதில்லை. ‘ட, ர, ல’ ஆகியவற்றில் தொடங்குபவை பெரும்பாலும் பிறமொழிச் சொற்கள். ஆதலால் ‘இந்த எழுத்தில் தொடங்கும் சொல் சொல்லு’ என்ற ஆட்டம் தமிழில் பாதி எழுத்துகளுக்குப் பொருந்தாது. ‘இந்த எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது?’ என்று மாற்றி ஆடுங்கள். ‘மழை’, ‘கிளி’, ‘கண்’, ‘மான்’ என்று சொல்லின் நடுவிலும் இறுதியிலும் தேடிக் கண்டுபிடிப்பதில் குழந்தைகளுக்குத் தனி மகிழ்ச்சி. ‘ல, ள, ழ’ மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுக்க வேண்டாம்; ‘ர, ற’வும் ‘ந, ன, ண’வும் அப்படியே. ஒன்று நன்றாக ஊறிய பிறகு, சில வாரம் கழித்து, அடுத்தது.

துணைக்காலுக்குப் பிறகு ‘ி’, ‘ீ’ குறிகள் எளிதாக வரும். ‘கு, டு, து, மு, ரு’ என்ற உகர வரிசையில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் இதை அவசரமின்றி, சொற்களின் வழியாகக் கொடுங்கள்: ‘படகு’, ‘மாடு’, ‘பந்து’ என்று. ‘கெ, கே, கை’ மூன்றிலும் குறி இடப்பக்கம் நிற்கிறது. ஆனால் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் போ என்று நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். இப்போது அது பொருந்தவில்லை. கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே உருவமாக வட்டமிட்டுக் காட்டுவது போதுமானது. ‘கொ’, ‘கோ’ இரு பக்கமும் பிடித்துக்கொள்பவை; இவை கடைசியில் வரட்டும். ‘ஙா, ஙி, ஙீ’ போன்றவற்றை ஒப்பிக்கவைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். குழந்தை வாசிக்கப்போகும் சொற்களில் அந்த வரிசையிலிருந்து ‘ங்’ ஒன்றைத்தான் அது சந்திக்கும்.

தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ‘லை, னை, ணா, றா’ முதலியவற்றின் வடிவங்கள் மாறின. அதற்கு முன் எழுதிப் பழகிய கைகளும், அந்தக் காலத்து அச்சுப் புத்தகங்களும் பழைய வடிவத்தையே காட்டும். தொடக்கத்தில் குழந்தை ஒரே வடிவத்தைப் பார்ப்பது நல்லது.

ஆறாம் படி: கை

எழுதுவதை வாசிப்போடு கட்டிப்போட்டுவிடாதீர்கள். மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் பென்சிலுக்குத் தயாராக இருப்பதில்லை. புள்ளிக்கோட்டின்மேல் பக்கம் பக்கமாக எழுதவைத்தால் கை வலிக்கிறது, எழுத்தின்மேல் வெறுப்பு வருகிறது. களிமண் பிசைவது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, ஈரத்துணியைப் பிழிவது, பொத்தான் போடுவது ஆகியவையே அந்த வயதின் எழுத்துப் பயிற்சி. பிறகு மணலிலும் ஈரத் தரையிலும் விரலால் பெரிதாக வரையலாம். அதற்கும் பிறகு குட்டையான சுண்ணக்கட்டியும் கரும்பலகையும். குட்டையான துண்டு, விரல் நுனிகளால் பிடிக்கக் குழந்தையைத் தானாகவே பழக்கிவிடுகிறது. முழு நீளப் பென்சிலும் கோடிட்ட தாளும் கடைசியில்.

எழுத்துகள் கைவராத காலத்திலும் குழந்தை ‘எழுதலாம்’. அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். நான்கு வெள்ளைத் தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பில் நூலால் தைத்தால் பதினாறு பக்கப் புத்தகம் ஒன்று ஆகிவிடும். பக்கத்துக்கு ஒரு படத்தைக் குழந்தை வரையட்டும். அது சொல்லும் வாக்கியத்தை அதன் கண்ணெதிரே, சொன்னது சொன்னபடி, கீழே எழுதுங்கள். எழுதி முடித்து விரல் வைத்து வாசித்துக் காட்டும்போது, தன் வாயிலிருந்து போன சொல் தாளிலிருந்து திரும்பி வருவதைக் குழந்தை பார்க்கிறது. நான் அறிந்த எந்தப் பயிற்சியும் எழுத்து என்றால் என்ன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. தானே எழுதத் தொடங்கும்போது ‘மரம்’ என்பதைப் புள்ளியில்லாமல் ‘மரம’ என்று எழுதினால், முதலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லி மகிழுங்கள். புள்ளியைப் பற்றி மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

நாள்தோறும் நடைமுறையில்

நேரத்தைப் பழக்கத்தோடு கட்டுங்கள். தூங்கப்போகுமுன் புத்தகம், நடந்து போகும்போது ஒலி ஆட்டம், காலையில் ஐந்து நிமிடம் எழுத்து. ஐந்து நிமிடம் என்றால் ஐந்தே நிமிடம். குழந்தை இன்னும் கேட்கும்போதே நிறுத்தினால் மறுநாள் அதுவே வந்து கூப்பிடும். முரண்டு பிடிக்கும் நாளில் எழுத்தை விட்டுவிட்டுக் கதையை மட்டும் வாசியுங்கள்.

கைப்பேசிச் செயலிகள் எழுத்து வடிவங்களை நினைவூட்டலாம். மடியையும் உரையாடலையும் அவற்றால் ஈடுசெய்ய முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருப்பது இன்னும் நல்லது என்றும் சொல்கிறது.

இரண்டு வயது நிறைந்தும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், படத்தை முகத்தருகே பிடித்துப் பார்க்கும் குழந்தையையும் ‘போகப் போகச் சரியாகும்’ என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிக் காதையும் கண்ணையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வரும் காது நோய்த்தொற்று செவித்திறனைச் சில வாரங்களுக்கு மங்கச் செய்து பேச்சைத் தாமதப்படுத்தக்கூடும். ஆறு வயதுக்குப் பிறகும் எழுத்தையும் ஒலியையும் இணைக்கக் குழந்தை மிகவும் திணறினால், கூடுதல் மணிநேரம் உட்காரவைப்பதற்கு முன்னால் வாசிப்புக் குறைபாடு உண்டா என்று அத்துறை அறிந்தவரிடம் கேளுங்கள். அது சோம்பலோ அறிவுக்குறைவோ அன்று. கற்பிக்கும் முறையை மாற்றினால் அந்தக் குழந்தைகளும் வாசிக்கக் கற்கிறார்கள்.

குழந்தை தானாக ஒரு சொல்லை வாசிக்கத் தொடங்கிய பிறகும் வாய்விட்டு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். ஆறு வயதில் அது தானே வாசிக்கக்கூடியது ‘மாடு ஓடியது’ என்ற அளவில் இருக்கும். ஆனால் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய கதைகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஒரு பக்கம் நீங்கள், ஒரு வரி குழந்தை என்று பங்கிட்டு வாசியுங்கள். அது வாசிக்கும் வரியில் தடுக்கினால் உடனே சொல்லைச் சொல்லிவிடாமல், முன்பு மடியில் இருந்தபோது காத்திருந்ததைப் போலவே, மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள்.